482-இல் இரண்டு வருடம் முடிந்தது, கம்பெனி மூன்று வருடம் என்கிறது: 45 வயதுக்குள் 186 போட முடியுமா?

மேட்டுப்பாளையத்தான் (பாரமட்டா, சிட்னி)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இருக்கும் பழைய இழைகளைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பாதி பதில்கள் 2021, 2022 காலத்து விதிகளைச் சொல்கின்றன. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

2023 ஜூலையில் 482 விசாவில், அதாவது கம்பெனி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவில், ஆஸ்திரேலியா வந்தேன். நான்கு வருட விசா, தொழில் பிரிவு டெவலப்பர் புரோகிராமர். முதல் கம்பெனியில் ஒன்றரை வருடம் வேலை. 2025 ஜனவரியில் இப்போதைய கம்பெனிக்கு மாறினேன். அவர்கள் புது நாமினேஷன் (என்னை அந்த வேலைக்கு வைக்கக் கம்பெனி அரசாங்கத்துக்குப் போடும் விண்ணப்பம்) போட்டு, அது அப்ரூவ் ஆன பிறகுதான் பழைய இடத்தை விட்டேன். நடுவில் இடைவெளி எதுவும் இல்லை.

பிரச்சினை என் வயது. 2027 பிப்ரவரியில் 45 முடிகிறது. 186 பற்றி, அதாவது கம்பெனி நாமினேட் செய்து கிடைக்கும் நிரந்தர விசா (பி.ஆர்.) பற்றி, எச்.ஆரில் கேட்டால், "எங்களிடம் மூன்று வருடம் முடித்தவர்களுக்குத்தான் பி.ஆர். ஸ்பான்சர், அது பாலிசி" என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 2028 ஜனவரி. அதற்குள் வயதும் தாண்டிவிடும், விசாவும் முடிந்துவிடும்.

பெரிய மகள் பதினொன்றாம் வகுப்பு. பி.ஆர். இல்லாமல் யுனிவர்சிட்டி போனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம். அந்தத் தொகையைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான்.

இன்னொன்று. ஜனவரியில் என்னை பிராஜெக்ட் மேனேஜராக உயர்த்தலாம் என்று மேனேஜர் சொல்கிறார். சம்பளம் 138,000-இலிருந்து 150,000 ஆகும். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டேன், இன்னும் கையெழுத்து போடவில்லை. இதனால் பி.ஆருக்கு நல்லதா, கெட்டதா?

டூங்காபி சுமதி

தம்பி, முதலில் அந்த பிராஜெக்ட் மேனேஜர் கடிதத்தில் கையெழுத்து போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

186 விசாவில் டி.ஆர்.டி. என்ற, தற்காலிக விசாவிலிருந்து நிரந்தரத்துக்கு மாறும் வழியில் போகிறவர்களுக்கு, இப்போது நாமினேட் செய்யும் வேலையும் உங்கள் 482 எந்த வேலைக்காகக் கிடைத்ததோ அதுவும் தொழில் பட்டியலில் முதல் நான்கு இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். டெவலப்பர் புரோகிராமர் 261312. சாஃப்ட்வேர் என்ஜினியர் 261313. இரண்டும் 2613-க்குள் வருவதால் பிரச்சினை இல்லை. ஐ.சி.டி. பிராஜெக்ட் மேனேஜர் 135112. அது வேறு குடும்பம். அந்தப் பதவிக்குப் போனால் இதுவரை சேர்த்த காலம் அந்த வேலைக்கு உதவாது. அதற்கும் மேலாக, நாமினேட் ஆகாத வேலையைச் செய்வதே உங்கள் விசாவின் 8607 கண்டிஷனை மீறுவதாகிவிடும். சம்பளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக் கொடுக்கட்டும், அதில் தடை இல்லை. பதவியும் வேலையின் தன்மையும் மாறக் கூடாது.

இனி கால கணக்கு. 2023 நவம்பர் 25-க்கு முன்னால் 482-இல் மூன்று வருட வேலை வேண்டும், அதுவும் ஒரே முதலாளியிடம். அந்தத் தேதியிலிருந்து இரண்டு வருடம் போதும் என்று ஆனது. குறுகிய காலப் பட்டியலில் இருந்த தொழில்காரர்களுக்கும் அன்றுதான் கதவு திறந்தது. பிறகு 2024 டிசம்பர் 7-இல் 482-க்கு ஸ்கில்ஸ் இன் டிமாண்ட் என்று புதுப் பெயர் வந்தது. விசா எண் அதே 482. அன்றிலிருந்து, அங்கீகாரம் பெற்ற எந்த ஸ்பான்சரிடம் வேலை செய்த காலமும் இரண்டு வருடக் கணக்கில் சேரும். நாமினேஷன் போடும் நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் இரண்டு வருட முழுநேர வேலை இருந்தால் சரி.

ஆக, உங்கள் இரண்டு வருடம் 2025 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. கம்பெனி சொல்லும் மூன்று வருடம் அவர்கள் வீட்டுச் சட்டம்.

பழைய 457காரன்

சுமதி சொன்னதில் ஓர் எழுத்து தப்பில்லை. ஆனால் தம்பி ரொம்ப சந்தோஷப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணுமே. 186-இல் உங்கள் தகுதி பாதிதான். கம்பெனி நாமினேஷன் போட வேண்டும், அது அப்ரூவ் ஆக வேண்டும். போடச் சொல்லி அவர்களை வற்புறுத்த எந்தச் சட்டமும் இல்லை. நாமினேஷன் விழுந்தால் உங்கள் விசா விண்ணப்பமும் கூடவே விழும், கட்டிய பணமும் போகும்.

நான் 2012-இல் வந்தவன். அப்போது 457-இல் (482-க்கு முந்தைய விசா) இரண்டு வருடம் இருந்தால் போதும், வயது வரம்பு 50. 2017 ஏப்ரல் 18 அன்று டர்ன்புல் அரசாங்கம் 457-ஐ ஒழிக்கப்போவதாக அறிவித்தபோது ஆபீஸில் எங்கள் வரிசை முழுக்க வேலையை நிறுத்திவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தது. 2018 மார்ச் 18-இல் 482 வந்தது, இரண்டு மூன்றானது, 50 என்பது 45 ஆனது. அந்த அறிவிப்பு நாளில் 457 வைத்திருந்தவர்களுக்கும் அதற்கு விண்ணப்பித்திருந்தவர்களுக்கும் மட்டும் பழைய சலுகை. எனக்கு அந்த வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் சில மாதம் பிந்தி வந்தவர், அவருக்குக் கிடைக்கவில்லை. திறமையில் என்னைவிட அவர் ஒரு படி மேல்.

அதனால் சொல்கிறேன், இப்போது சாதகமாக இருக்கும் விதி அடுத்த வருடமும் இப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

மேட்டுப்பாளையத்தான்

சுமதி அக்கா, கோடி நன்றி. பதவி உயர்வில் இப்படி ஒரு கண்ணி இருக்கும் என்று மேனேஜருக்கே தெரியாது போல.

457காரன் அண்ணா, அந்தப் பூசாரிதான் என் கவலையும். வயது வரம்பில் விதிவிலக்கு ஏதும் உண்டா?

டூங்காபி சுமதி

உண்டு, ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. 482-இல் இருந்த அந்த இரண்டு வருடமும் ஃபேர் வொர்க் சட்டத்தின் உயர் வருமான வரம்புக்கு மேல் சம்பாதித்தவர்களுக்கு வயது பார்க்க மாட்டார்கள். அந்த வரம்பு 2025-26-இல் 183,100 டாலர், 2024-25-இல் 175,000. இது தவிர பல்கலைக்கழக ஆசிரியர், ஆராய்ச்சியாளர், டாக்டர் சிலருக்கு உண்டு. 

ஒரு நல்ல சேதி. விசா விண்ணப்பத்தைப் போடும் நாளில் 45 ஆகாமல் இருந்தால் போதும். முடிவு வருவதற்குள் வயது கூடினால் பரவாயில்லை. நாமினேஷன் அப்ரூவ் ஆகும்வரை காத்திருக்கவும் வேண்டாம், இரண்டையும் ஒரே நாளில் போடலாம். எனவே உங்கள் கெடு 2027 பிப்ரவரி பிறந்தநாளுக்கு முந்தைய நாள். ஆனால் அதுவரை இழுத்தடிக்காதீர்கள்.

பெண்டிகோ மெக்கானிக்

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணம், தொழில் மோட்டார் மெக்கானிக். நீங்கள் ஐ.டி.காரர், உங்கட ஆட்கள் பாலிசி என்று கதைக்கினம். எங்கட பக்கத்தில கதை வேற மாதிரி.

நான் மெல்பேர்ணில் ஒரு கராஜில 482 இல் வேலை செய்த காலத்தில், பி.ஆர். நாமினேஷனுக்கு முதலாளி காசு கேட்டவர். சின்னக் காசு இல்லை. சம்பளத்தை பேங்க்கில போட்டுவிட்டு ஒரு பங்கைக் கையில திருப்பித் தரச் சொன்னவர். எனக்கு முன்னம் இரண்டு பேர் குடுத்தவை என்றும் அவரே சொன்னார். விசா ஸ்பான்சருக்குக் காசு வாங்குவது 2015 டிசம்பரில இருந்து குற்றம். குடுக்கிற ஆளுக்கும் தண்டப்பணம் வரலாம், விசாவும் போகலாம். இது கன பேருக்குத் தெரியாது.

நான் விலகினது 2024 ஜூலைக்குப் பிறகு. அதற்கு முதல் வேலை போனால் 60 நாள்தான், அதுக்குள்ள புது ஸ்பான்சர் கிடைக்காட்டில் வெளிக்கிட வேணும். 2024 ஜூலை 1 இல் அதை 180 நாளாக்கினவை, முழு விசாக் காலத்துக்கும் சேர்த்து 365 நாள். அந்த இடைவெளியில வேறு இடத்தில, வேறு வேலையும் செய்யலாம். நான் கூரியர் வேன் ஓடினேன். பிறகு பெண்டிகோவில ஒரு நல்ல மனுசன் கிடைத்தார். பழைய கராஜில செய்த காலமும் இங்க செய்த காலமும் சேர்த்து நாமினேஷன் போட்டவர். பெண்டிகோ ரீஜனல் (பெரிய நகரங்களுக்கு வெளியே இருக்கிற பகுதி) என்றபடியால் எங்கட ஃபைலுக்கு முன்னுரிமையும் கிடைத்தது.

ஒன்று சொல்லுறன் அண்ணை, அந்த இரண்டு வருடம் உங்கட பேரில இருக்கிற காலம். இவையள் தராட்டில் எடுத்துக்கொண்டு போகலாம். முந்தி அது முதலாளியின்ர பெட்டிக்குள்ள பூட்டி இருந்தது.

பழைய 457காரன்

மெக்கானிக் தம்பி சொன்ன கடைசி வரிதான் இந்த இழையிலேயே முக்கியமானது. நான் மேலே எழுதிய பூசாரிக் கதைக்குச் சரியான பதிலும் அதுவே. ஒரே ஒரு பூசாரி என்ற நிலைமை இப்போது இல்லை.

சம்பளத்தைத் திருப்பிக் கேட்கும் முதலாளிகள் நம் ஆட்களிலும் இருக்கிறார்கள். கோயில் வாசலில் பார்த்தால் வணக்கம் சொல்லுவார்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது படித்தால்: 2024 ஜூலையில் வொர்க்பிளேஸ் ஜஸ்டிஸ் என்று ஒரு குறுகிய கால விசா சோதனை முறையில் வந்தது. புகார் கொடுத்துவிட்டு வழக்கை நடத்துவதற்காக இங்கேயே தங்கலாம்.

எச்.ஆர். பக்கம்

இந்த இழையில் என் இனத்தை எல்லோரும் வில்லனாக்குவதற்குள் வந்துவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேலாக மெல்போர்னில் எச்.ஆர். வேலை, நடுவில் விசா விவகாரம் முழுக்க என் மேசையில்தான்.

மேட்டுப்பாளையத்தான், உங்கள் கம்பெனியின் மூன்று வருட பாலிசி எங்கிருந்து வந்தது என்று என்னால் ஊகிக்க முடியும். 2018 மார்ச்சிலிருந்து 2023 நவம்பர் வரை சட்டமே மூன்று வருடம். அந்தக் காலத்தில் எல்லா கம்பெனியும் சட்டத்தை அப்படியே நகலெடுத்து பாலிசி என்று எழுதி வைத்தன. பிறகு சட்டம் மாறியது. பாலிசி ஆவணத்தைத் திறந்து திருத்த யாருக்கும் நேரமில்லை. புதிதாக வரும் எச்.ஆர். பெண் அதைப் படித்துவிட்டு உங்களுக்கு ஒப்பிக்கிறார். இதுதான் பல இடங்களில் நடப்பது. ஆகவே முதல் கேள்வியாக அந்த ஆவணத்தின் தேதியைக் கேளுங்கள். சண்டை போடும் குரலில் வேண்டாம்.

வேண்டுமென்றே மூன்று வருடம் வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. காரணம் பயம். பி.ஆர். கையில் வந்த மறுமாதம் ஆள் கிளம்பிவிடுவான் என்ற பயம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை, நான் பார்த்திருக்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, நாமினேஷன் கட்டணம் 540 டாலர். அதனுடன் பயிற்சி நிதிக்கான லெவி, வருட விற்பனை ஒரு கோடி டாலருக்குக் கீழே இருந்தால் 3,000, அதற்கு மேல் 5,000. இவை கம்பெனியின் பொறுப்பு. ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும் செல்லாது. நாமினேஷனுக்கு வக்கீல், ஏஜென்ட் வாங்கும் பணமும் அப்படியே. விசா விண்ணப்பக் கட்டணத்தை நீங்கள் கட்டலாம், பெரும்பாலான இடங்களில் ஊழியர்தான் கட்டுகிறார்.

இந்தக் கணக்கை எழுதி உங்கள் மேனேஜருக்கு அனுப்புங்கள், எச்.ஆருக்கு அல்ல. ஒரு பக்கம் போதும். நீங்கள் போனால் அந்த இடத்துக்கு ஆள் தேட எவ்வளவு ஆகும், எத்தனை மாதம் வேலை நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். 5,540 டாலர் அந்தக் கணக்கின் முன் ஒன்றுமே இல்லை. பி.ஆர். வந்தாலும் தொடர்வேன் என்பதை நீங்களாக எழுதுங்கள். எப்படியும் 186 நாமினேஷனில் அந்த வேலை குறைந்தது இரண்டு வருடத்துக்கு இருக்கும் என்று கம்பெனி காட்டியாக வேண்டும்.

டார்னிட் விக்னேஷ்

எல்லாம் சரி, ஆனால் ஏன் கம்பெனியையே நம்ப வேண்டும்? பாயிண்ட் முறையில், மாநில அரசு நாமினேட் செய்யும் 190 விசாவுக்கும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு முதலாளி தயவு தேவையில்லை.

கணக்கு இதோ. 40 முதல் 44 வயதுக்கு 15. டிகிரிக்கு 15. கடைசிப் பத்து வருடத்துக்குள் இந்தியாவில் ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவம் என்றால் 10, இங்கே ஒரு வருடத்துக்கு மேல் 5. ஏ.சி.எஸ். (ஐ.டி.காரர்களின் தகுதியைச் சோதிக்கும் சங்கம்) மதிப்பீட்டில் ஆரம்ப வருடங்கள் சிலவற்றைக் கழிப்பார்கள், உங்களுக்கு இருக்கும் அனுபவத்தில் அது உறைக்காது. இதுவரை 45. ஆங்கிலத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். ஒவ்வொன்றிலும் 8 எடுத்தால் 20. மனைவி ஒவ்வொன்றிலும் 6 எடுத்தால் 5. நாட்டி (மொழிபெயர்ப்பாளர்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) நடத்தும் சி.சி.எல். என்ற உரைபெயர்ப்புத் தேர்வைத் தமிழில் எழுதினால் இன்னொரு 5. மொத்தம் 75. மாநில நாமினேஷனுக்கு 5, ஆக 80.

சி.சி.எல்.-ஐ லேசாக நினைக்க வேண்டாம். இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் 45 மதிப்பெண். இரண்டும் சேர்த்து 63, ஒவ்வொன்றிலும் குறைந்தது 29. வீட்டில் தமிழ் பேசுகிறோமே என்று போனவர்கள் அடமானம், மறுசீரமைப்புச் சிகிச்சை, ஜாமீன் என்று வரும் இடத்தில் திணறிவிட்டு வெளியே வருகிறார்கள்.

டூங்காபி சுமதி

விக்னேஷ், முயற்சி செய்யட்டும், தப்பில்லை. ஆனால் 65 பாயிண்ட் இருந்தால் பெயர் பதியலாம் என்பது வேறு, அழைப்பு வருவது வேறு. ஐ.டி. தொழில்களுக்கு அழைப்பு எந்த உயரத்தில் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். இதிலும் அழைப்பு வரும் நாளில் 45 ஆகியிருக்கக் கூடாது. எல்லாவற்றிலும் 8 எடுக்க அவருக்கு எத்தனை வார இறுதி போகும்? அந்த நேரத்தை மேனேஜரிடம் பேசுவதில் செலவிட்டால் பலன் அதிகம் என்பது என் எண்ணம். 186-க்கு ஒவ்வொன்றிலும் 6 எடுத்தால் போதும்.

டார்னிட் விக்னேஷ்

அக்கா, 457காரன் அண்ணாவின் பக்கத்து நாற்காலிக்காரர் கதையைப் படித்த பிறகும் ஒரே வழியை நம்பச் சொல்கிறீர்களே. கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தால்? 186 ஃபைல் காத்திருக்கும் நேரத்தில் வேலை போனால் அந்த நாமினேஷனும் போகும். 190-இல் அந்தத் தொந்தரவு இல்லை.

டூங்காபி சுமதி

அதை மறுக்க முடியாது. சரி, ஏ.சி.எஸ். மதிப்பீட்டையாவது இப்போதே எடுத்து வைக்கட்டும். 482 காலத்தைப் பார்க்காத டைரக்ட் என்ட்ரி வழியில் 186 போட நேர்ந்தாலும் அது தேவைப்படும்.

மதுரைக்காரி (பிரிஸ்பேன்)

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். அப்பாவுக்கு பைபாஸ் நடந்தபோது நான் மதுரையில் தங்கி அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தேன். மேனேஜர் அனுமதியோடுதான், சம்பளமும் முழுசாக வந்தது. அந்தக் காலம் இரண்டு வருடத்தில் சேருமா? அதற்கு முன் எடுத்த பிரசவ விடுப்பு?

எச்.ஆர். பக்கம்

மதுரையிலிருந்து பார்த்த வேலை சேராது. வேலை ஆஸ்திரேலியாவுக்குள் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. சம்பளத்தோடு கூடிய வருடாந்திர விடுப்பில் ஊருக்குப் போயிருந்தால் அது வேறு, அது சேரும். பிரசவ விடுப்பில் சம்பளம் வந்த பகுதி சரி, சம்பளமில்லாத பகுதியைக் கழித்துவிடுங்கள். கழித்தால் ஒன்றும் குடி முழுகாது, மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடம் தேறினால் போதும். எத்தனை நாள் குறைகிறதோ அவ்வளவு நாள் தள்ளிப் போடுங்கள். பே ஸ்லிப்பையும் பாஸ்போர்ட் முத்திரைத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள், அதிகாரியும் அப்படித்தான் பார்ப்பார்.

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

மதுரைக்காரி

நன்றாக இருக்கிறார், காலையில் வைகைக் கரை வரை நடக்கிறாராம். பதிலுக்கு ரொம்ப நன்றி.

நடத்துநர்

ஒரு பதிவில் விசா கிராண்ட் எண் தெரியும்படி படம் போட்டிருந்தார்கள், நீக்கிவிட்டேன். தயவுசெய்து இந்த மாதிரி எதையும் பொதுவில் போடாதீர்கள். "நான் முடித்துத் தருகிறேன், தனிச் செய்தியில் வாங்க" என்று எழுதிய கணக்கையும் முடக்கியிருக்கிறேன். ஏஜென்ட் என்றால் பதிவு எண் இருக்கும், அதை அரசாங்கப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இங்கே எழுதுகிறவர்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள், சட்ட ஆலோசனையாக எடுக்க வேண்டாம்.

மேட்டுப்பாளையத்தான்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எச்.ஆர். பக்கம் சொன்னது அப்படியே நடந்தது. ஆவணத்தின் தேதி 2019! அந்தப் பெண்ணே பார்த்துச் சிரித்துவிட்டார். அவர்கள் சட்ட ஆலோசகரிடம் அனுப்பி, "தனித்தனியாகப் பரிசீலிக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. மேனேஜர் ஆதரவு. பதவி உயர்வைத் தள்ளிவைத்துவிட்டு, டெவலப்பர் புரோகிராமராகவே சம்பளத்தை மட்டும் உயர்த்தித் தர ஒப்புக்கொண்டார். 2026 மார்ச்சுக்குள் நாமினேஷன் போடலாம் என்கிறார்.

மனைவிக்கு ஆங்கிலத் தேர்வு கட்டாயமா? அவள் கோவையில் இன்ஜினியரிங் படித்தவள்.

பழைய 457காரன்

மார்ச்சுக்குள் என்பதை ஈமெயிலில் வாங்கினீர்களா? வாயால் சொன்ன மேனேஜர் பிப்ரவரியில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் அடுத்தவருக்கு உங்கள் பெயரே தெரியாது. "நேற்று பேசியபடி" என்று தொடங்கி நீங்களே ஒரு மெயில் அனுப்புங்கள். அவர் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

டூங்காபி சுமதி

மனைவிக்குத் தேர்வு தேவையில்லை. இரண்டு வருடமோ அதற்கு மேலோ முழுநேரம் ஆங்கில வழியில் படித்த பட்டம் இருந்தால், பயிற்று மொழி ஆங்கிலம் என்று கல்லூரியிலிருந்து சான்றிதழ் வாங்கிக் கொடுக்கலாம். இதுவும் இல்லை, தேர்வும் இல்லை என்றால் இரண்டாவது தவணைக் கட்டணம் என்று கிட்டத்தட்ட 4,900 டாலர் கேட்பார்கள். கோவைக் கல்லூரி ஆபீஸுக்கு இப்போதே யாரையாவது அனுப்புங்கள், நம்ம ஊர்க் கல்லூரியில் அந்தக் காகிதம் வருவதற்குள் இங்கே பி.ஆரே வந்துவிடும். உங்களுக்கு ஆங்கிலத் தேர்வு உண்டு, இந்திய பாஸ்போர்ட்டுக்கு விலக்கு இல்லை. பி.டி.இ. என்ற ஆங்கிலத் தேர்வு என்றால் 2025 ஆகஸ்ட் 7-க்குப் பிறகு எழுதும் தேர்வுகளுக்கு மதிப்பெண் அளவு மாறிவிட்டது, பழைய அட்டவணையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மகளைப் பற்றிக் கவலைப்பட்டீர்களே. பி.ஆர். ஆனதும் உள்ளூர் மாணவர் கட்டணத்தில் சேரலாம். ஆனால் ஹெக்ஸ் என்ற அரசாங்கக் கல்விக் கடன் பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான், பி.ஆர்.காரர்கள் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கையிலிருந்து கட்ட வேண்டும். இதைத் தெரியாமல் பலர் திகைத்துப் போகிறார்கள். குடியுரிமைக்கு மொத்தம் நான்கு வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும், அதில் கடைசி ஒரு வருடம் பி.ஆராக. நீங்கள் 2023-இல் வந்ததால் அதில் பெரும்பகுதி முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது.

டார்னிட் விக்னேஷ்

இன்னொரு லாபம்: விண்ணப்பம் போட்டு ரசீது வந்ததுமே மெடிகேருக்கு (அரசாங்க மருத்துவக் காப்பீடு) மனு போடலாம், பி.ஆர். வரும்வரை காத்திருக்க வேண்டாம். 482-க்காகக் கட்டும் தனியார் இன்ஷூரன்ஸை மட்டும் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள், மெடிகேர் அட்டை கையில் வந்த பிறகு பாருங்கள்.

வீடு வாங்கும் திட்டம் இருந்தால் அதையும் தள்ளிவையுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தற்காலிக விசாக்காரர்கள் பழைய வீடு வாங்கத் தடை. புது வீடு வாங்கலாம், ஆனால் நியூ சவுத் வேல்ஸில் வெளிநாட்டவர் கூடுதல் வரி சேரும்.

மேட்டுப்பாளையத்தான்

வீடா! வாடகையே மூச்சு முட்டுகிறது.

மெயில் அனுப்பிவிட்டேன், அவரும் பதில் போட்டுவிட்டார். சிட்னியில் ஐ.டி. என்றால் காத்திருப்பு நீளம் என்கிறார்களே, உண்மையா? மெடிக்கல், போலீஸ் சான்றிதழ் எல்லாம் இப்போதே எடுத்து வைக்கட்டுமா?

பெண்டிகோ மெக்கானிக்

அண்ணை, உண்மைதான். முதல்ல ரீஜனல், பிறகு ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட ஆட்கள், அதுக்குப் பிறகுதான் மற்றவை. 2025-26 க்கு முதலாளி ஸ்பான்சர் பிரிவில 44,000 இடம் ஒதுக்கினவை, அதுக்குள்ள குடும்ப ஆட்களும் அடக்கம். உங்கட வீட்டிலயே நாலு இடம் போகும். ஆனால் போட்டவுடன், முடிவு வரும்வரை தங்கிறதுக்கு பிரிட்ஜிங் விசா ஏ தருவினம், 482 முடிந்தாலும் இங்கயே இருந்து வேலை செய்யலாம். அது தொடங்கின பிறகு ஊருக்குப் போக வேணும் என்றால் வெளிக்கிட முதல் பிரிட்ஜிங் விசா பி எடுக்க வேணும். அது இல்லாமல் பிளேன் ஏறினால் திரும்பி வாறது கஷ்டம்.

டூங்காபி சுமதி

போலீஸ் சான்றிதழுக்கும் மெடிக்கலுக்கும் ஆயுள் பன்னிரண்டு மாதம்தான். வரிசை நீளமாக இருக்கும்போது இப்போதே எடுத்தால் முடிவு வருவதற்குள் காலாவதியாகி மறுபடியும் கேட்பார்கள். விண்ணப்பம் போடும் சமயத்தில் எடுங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸ் சான்றிதழ் ஒன்று, இந்தியாவுக்கு பி.சி.சி. ஒன்று. பி.சி.சி.யை இங்கிருந்தே வி.எஃப்.எஸ். மூலம் போடலாம். பாஸ்போர்ட்டில் இன்னும் மேட்டுப்பாளையம் முகவரி இருந்தால் அங்கே போலீஸ் விசாரணைக்கு வரலாம், வீட்டில் யாராவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.